கீப்பர் கண்ணை மூடுகிறாள்

டிசம்பர் 8, திங்கள்

பனி. திருச்செங்கோட்டு மலையே காணாமல் போயிருந்தது. காலேஜ் வேன் மல்லசமுத்திரம் தாண்டி சேகோ மில்லுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாரும் இன்னொரு தூக்கம் போட்டோம். டிரைவர் அண்ணனும் போட்டார் என்று ரேவதி சத்தியம் செய்கிறாள்.

ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் களம்தான் எங்கள் மைதானம். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். வழக்கம்போல வரிசையில் நின்று ஸ்கேட் சக்கரங்களைக் கழுவினோம். மில்லுக்காரரின் ஒரே நிபந்தனை அது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "சாப்படற பொருள் காயற எடமுங்க சாமி. எங்காளுகளே செருப்பக் கழட்டீட்டுத்தான் ஏறுவாங்க. சக்கரத்தக் கழுவாம ஒருத்தரும் ஏறப்படாது." இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் கழுவுவோம்.

சக்கர ஹாக்கியில் மாநிலத்தில் முதலிடம் வந்தாயிற்று. அடுத்தது கல்லூரிப் பெண்களுக்கான அகில இந்தியப் போட்டி. ஜனவரி, சிம்லா, நிஜ ஐஸ் மேல். எங்கள் அணியில் ஒருத்தியும் ஐஸை ஜூஸ் டம்ளருக்கு வெளியே பார்த்ததில்லை. எங்கள் பி.டி. டீச்சர் சாந்தாமணி மேடமும்தான். அவர் கபடி ஆடியவர். ஐஸ் ஹாக்கியைப் போனில் வீடியோ பார்த்துப் படித்து, மறுநாள் காலையில் எங்களுக்கு நடத்துகிறார்.

மேடத்தின் சமீபத்திய கண்டுபிடிப்பு: ஐஸில் அடிக்கிற பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, நாங்கள் ஆடும் பிளாஸ்டிக் பக்கைவிட ரொம்பக் கனம். இப்போதிருந்தே கனமானதில் பழக வேண்டும். எங்கே போய் வாங்குவது? கேப்டன் கௌசல்யா, "எங்க மாமன் கடை இருக்குதுங்க மேடம்" என்றாள். சங்ககிரியில் லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடை. இன்று ஒரு பை நிறையக் கொண்டுவந்துவிட்டாள். வட்ட வட்டமாக வெட்டிய டயர் ரப்பர். ஒன்றைக் கையில் வாங்கினேன். கை கீழே போய்விட்டது.

"மாமன் ஒரு லேயர் சேத்தி ஒட்டுச்சு. ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு."

இது நாக்பூர் வரை லோடு ஏற்றிக்கொண்டு போகப்போவதில்லை என்று மாமனிடம் யாரும் சொல்லவில்லை போல. ஆனால் களத்தில் ஒட்டியிருக்கும் மாவுத் தூசியில் நன்றாகவே வழுக்கியது. மேடத்துக்குப் பரம திருப்தி.

வாங்க வேண்டியவை: கம்பளிக் கையுறை, வாஸ்லின், கோல்கீப்பர் பேடுக்கு வார், ஷாம்பு.

டிசம்பர் 10, புதன்

இடது கையால் எழுதுகிறேன். நாளைக்கு எனக்கே புரியாது.

கௌசி அடித்தது பட்டுவிட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை, அவள் அடியே அப்படி. மாமன் கடைச் சரக்கு நேராக வந்து, ஹெல்மெட் கூண்டுக்கும் நெஞ்சுக் கவசத்துக்கும் நடுவே, கழுத்துக்குக் கீழே இருக்கிற எலும்பில் இறங்கியது. மல்லாந்து விழுந்தேன். வானம் தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது. களத்தில் வேலைக்கு வந்திருந்த அக்காக்கள் ஓடிவந்தார்கள். ஒரு அக்கா முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு மேடத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க டீச்சர், பொட்டப் புள்ளைகளுக்கு வேற வெளையாட்டே கெடைக்கலீங்ளா?"

மேடம் டிரைவர் அண்ணனைக் கூப்பிட ஓடினார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை, வீக்கம். ஒரு வாரம் ஓய்வு. கௌசி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்து, கட்டி, அவிழ்த்து, கட்டிக்கொண்டே இருந்தாள். "பரவால்லடி" என்றேன். கேட்கவே இல்லை.

மெஸ்ஸில் சேமியா. நல்லவேளை, மெல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 18, வியாழன்

வெளுத்த வானம், காற்று இல்லை. வலியும் இல்லை. திரும்பக் கோலில் நின்றேன்.

கௌசி அடித்தாள், கோல். ரேவதி அடித்தாள், கோல். ரேவதி தடுப்பு ஆட்டக்காரி. ஆத்தூர்க்காரி, அவள் அடித்தால் நெல் மூட்டை நகர்வதுபோல்தான் பக் வரும். அதுகூட உள்ளே போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிக்கும் சத்தம் கேட்கிறது, நடுவில் ஒரு இருட்டு, அப்புறம் பக் எனக்குப் பின்னால் வலைக்குள் கிடக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் கண்ணை மூடுகிறேன்.

மட்டை பக்கில் படுகிற சத்தம் வந்ததும் கண் தானாக மூடிக்கொள்கிறது. திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மூடாதே மூடாதே என்று சொல்லிக்கொண்டே நின்றேன். சொல்லிக்கொண்டே மூடினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. "ரெஸ்ட்ல இருந்துட்டு வந்தா அப்புடித்தாஞ் சாமி இருக்கும்" என்றார் மேடம். ஆமாங்க மேடம் என்றேன். பயமாக இருக்கிறது. கீப்பருக்குக் கண்தானே எல்லாம்? சொன்னால் சிம்லாவில் ரேவதியை நிறுத்திவிடுவார்கள். பேப்பரில் அவள்தான் ரிசர்வ் கீப்பர், பேடை ஒருநாளும் மாட்டியதில்லை. சொல்லாவிட்டால் என்னால் அணியே தோற்கும். எனக்கு இது கடைசி வருடம். மே மாதம் பரீட்சை முடிந்தால் யார் எனக்கு ஐஸ் காட்டப்போகிறார்கள்?

டிசம்பர் 21, ஞாயிறு

ஊரில். கோழிப்பண்ணையில் அம்மாவோடு முட்டை எடுத்தேன். அப்பா ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் போர்க் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார். போனில், "ஒரே பாறையா இருக்குது சாமி, ரெண்டு நாளா இந்த ஒரே எடந்தான்" என்றார். எனக்கும் அதே கதைதான் அப்பா என்று சொல்லவில்லை.

மதியம் ஒரு யோசனை. கடுகு வெடிக்கும்போது கண்ணைச் சிமிட்டாமல் நின்று பழகினால்? எண்ணெய் தெறிக்குமே என்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் குனிந்து நின்றேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏஞ்சாமி, சாம்பார் தாளிக்கறதுக்கு எதுக்கு இந்தக் கூண்டு?"

"பிராக்டீஸும்மா."

"காலேஜ்ல என்னதான் சொல்லித்தராங்களோ." ஆனாலும் எனக்காக இன்னும் ஒரு சிட்டிகை கடுகு போட்டார்.

மூடினேன். எல்லாக் கடுகுக்கும் மூடினேன். அப்புறம் அப்பளத்துக்கும் நின்று பார்த்தேன். அப்பளம் வெடிக்காது, அதில் மட்டும் பாஸ்.

டிசம்பர் 27, சனி

காலேஜ் லீவு, எங்களுக்கு இல்லை. மில்லில் கிழங்கு லாரி வரிசை கட்டி நிற்கிறது. மாவுத்தண்ணி புளித்த வாடை. ரேவதி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தூர்ல மட்டும் சேகோ மில்லு மல்லிப்பூவா மணக்குது?" என்று கௌசி கேட்க, வாக்குவாதம்.

கௌசியின் மாமனுக்கு, தன் சரக்கு என்னை அடித்துவிட்டதே என்று குற்றவுணர்ச்சி போல. லாரி பெயிண்டரைப் பிடித்து என் ஹெல்மெட்டில் திருஷ்டி பூதம் வரைந்து அனுப்பியிருக்கிறார். லாரிக்கு முன்னால் இருக்குமே, அதேதான். கோரைப்பல், மீசை, முட்டைக் கண் இரண்டு. "எவளாச்சும் பாத்தாலே பயந்து வெளிய அடிச்சுருவா" என்றாள் கௌசி. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். பூதம் கண்ணை அகல விழித்துக்கொண்டிருக்க, உள்ளே நான் மூடிக்கொண்டு நின்றேன்.

ஒரு நல்ல செய்தி, இன்று நிறைய தடுத்தேன். பார்த்துத் தடுத்தது சில. மேலே வந்து பட்டது பல.

ஜனவரி 2, வெள்ளி

சண்டை.

சில நாளாகவே சந்தேகம். என் தடுப்பு கூடிக்கொண்டே போகிறதே, எப்படி என்று. இன்று கவனித்தேன். கௌசி மட்டையைப் பின்னால் ஓங்குகிறாள், கடைசி நொடியில் கையைத் தளர்த்திவிடுகிறாள். பக் உருண்டு வருகிறது, குழந்தைக்குப் பந்து போடுவதுபோல. பயிற்சி முடிந்ததும் வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன பாத்தா பாவமா இருக்குதா உனக்கு?"

கையிலிருந்த ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்து, கட்டினாள். அப்புறம் சொன்னாள்: "நீ கண்ண மூடறே புள்ள. நாந்தான அடிக்கறேன், உங்கண்ணத்தான பாத்து அடிக்கறேன். எனக்குத் தெரியாதா?"

வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சா சொல்லோணும். உருட்டி உட்டு ஏமாத்தப்படாது. நாளைக்கு ஓங்கி அடி" என்றேன்.

"எனக்கும் கை வரமாண்டேங்குதுடி. உன்னன்னு இல்ல, வெறுங் கோலுக்குக்கூட. ஓங்குனா நீ மல்லாந்து கெடந்ததுதான் தெரியுது." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகக்கூடி நிலவரம்: கீப்பருக்குக் கண் இல்லை, கேப்டனுக்குக் கை இல்லை. மேடத்துக்கு இரண்டும் தெரியாது. மேடத்திடம் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் ஒப்பந்தம். வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமலே வந்தோம்.

ஜனவரி 8, வியாழன்

சேலம் ஜங்ஷன். மேகம். வண்டி தாமதம்.

அம்மா கொடுத்தனுப்பியது: அவித்த முட்டை (அணிக்கே), புளிச்சோறு, தட்டுவடை, சுக்குப்பொடி, குரங்குக் குல்லா. வழியனுப்பும்போது சொன்னது: "ஐஸ்ல உழுந்தா உடனே எந்திரிச்சரோணும் சாமி, சளி புடிச்சுக்கும்."

கௌசி ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுத் தந்தாள். இது பாவம் பார்ப்பதா, சமாதானமா என்று தெரியவில்லை. எதுவானாலும் ஜன்னல் சீட் ஜன்னல் சீட்தான்.

ஜனவரி 9

ரயில். வெளியே எந்த ஊரோ. முட்டை தீர்ந்தது. பக்கத்துப் பெட்டிக்காரர் ஹாக்கி மட்டைகளைப் பார்த்து, "கூரை போடப் போறீங்களா?" என்று இந்தியில் கேட்டாராம். ரேவதிக்கு சீரியல் பார்த்துப் பார்த்து இந்தி வரும். "ஆமா" என்று சொல்லிவிட்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

சிம்லா. குளிர் என்று நாங்கள் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தது குளிரே இல்லை. பல் தானாக ஆடுகிறது. மேடம் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காலேஜ் கோட்.

முதல்முறை ஐஸ். திறந்தவெளி, இரவில் தண்ணீர் விட்டு உறைய வைக்கிறார்கள். வெயில் வந்தால் இளகிவிடும், அதனால் ஆட்டமெல்லாம் காலையிலும் சாயங்காலமும்தான். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாம்பல் நிறம். எங்கள் களத்தின் நிறம்தான்.

இனி நடந்ததை வெட்கத்தோடு எழுதுகிறேன். ஏறுவதற்கு முன் வரிசையில் நின்றோம். கழுவ வேண்டுமே! குழாயைத் திருகினால் தண்ணீர் வரவில்லை, உறைந்திருந்தது. அதைப் பார்த்துமா மண்டையில் ஏறவில்லை? குடிக்கிற பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொருத்தியும் பயபக்தியோடு, அங்கே கொடுத்த ஐஸ் ஸ்கேட்டில் சக்கரத்துக்குப் பதில் இருந்த இரும்புத் தகட்டைக் கழுவினோம். மேடம் சரிபார்த்தார். ஏறினோம். இரும்பில் நின்ற தண்ணீர் அங்கேயே கட்டி தட்டிப்போயிருந்தது. கௌசி போனாள், விழுந்தாள். அவள் மேல் ரேவதி. ரேவதி மேல் நான். மொத்த அணியும் வாசலிலேயே குவியல்.

ஒரு மலை ஊர் அணி வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்ட பெண் ரேவதியிடம் ஏதோ கேட்டாள். "என்னடி கேக்கறா?" என்றேன்.

"எதுக்குக் கழுவுனீங்கன்னு கேக்குறா. எங்க வூர்ல இது வழக்கம்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, மரியாதையாகத் தலையை ஆட்டினாள். அதுதான் இன்னும் மோசம்.

ஜனவரி 12, திங்கள்

முதல் ஆட்டம், தோல்வி. எங்கள் பிள்ளைகள் அடித்த அடியெல்லாம் கோலுக்கு மேலே பறந்தது. ஒன்று வேலி தாண்டிப் போய் டீக்கடை ஓரம் விழுந்தது. மாமன் கடை ரப்பரைத் தூக்கி அடித்துப் பழகிய கைகள். நிஜ பக்கை வாங்கி, பையில் மிச்சமிருந்த நம்முடையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார் மேடம். நம்முடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேடம் ஐஸ் வேலி மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கௌசி மாமனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டோம்: "கனங் கம்மியா இருந்தா சீக்கிரந் தேஞ்சுருமே கண்ணு!"

உள்ளே விட்ட கோல்கள் என் கணக்கில். எதையும் பார்க்கவில்லை.

ஜனவரி 14, புதன்

இரண்டு வெற்றி! தாழ அடிக்கப் பழகிவிட்டார்கள். கை அதே பலம், பக் லேசு, எதிரணிக் கீப்பர்கள் திணறினார்கள். ரேவதிகூட ஒரு கோல். கௌசி மட்டும் அடிக்கவில்லை. பந்தியில் பரிமாறுவதுபோல எல்லாருக்கும் பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நல்ல கேப்டன் என்கிறார்கள்.

என் முன்னால் ரேவதி விழுந்து விழுந்து தடுக்கிறாள். முழங்கால் நீலம். அவளுக்கு விஷயம் தெரியாது, இருந்தும் விழுகிறாள்.

அரையிறுதிக்குப் போய்விட்டோம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஓய்வு நாள். எல்லாருக்கும் வீட்டு நினைப்பு. விடுதி வாசலில் ஒரு குரல்.

"ஏனுங் அம்மிணி, திருச்செங்கோடுங்ளா?"

ரிக் வண்டிக்காரர்கள். கீழே மலையடிவாரத்தில் போர் போட வந்திருக்கிறார்கள். அப்பா போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். குக்கரோடு வந்துவிட்டார்கள், வெல்லம், பச்சரிசி, ஏலக்காய் சகிதம். விடுதிச் சமையல்கட்டில் பொங்கல் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று நாங்கள் கத்தியதில் சமையல்காரர் காஸை அணைத்துவிட்டார்.

கௌசியும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். இத்தனை நாள் கழித்து.

ஜனவரி 16, வெள்ளி

அரையிறுதி, வெற்றி. எல்லாரும் என்னைத் தூக்கிக்கொண்டாடினார்கள். இதைத்தான் எழுத முடியவில்லை.

கடைசி நேரம், ஒரு கோல் முன்னிலை. எதிரணிப் பெண் தனியாக வந்தாள், அடித்தாள். இருட்டு. கை எங்கோ போனது. கையுறையில் ஏதோ தட்டியது. கண்ணைத் திறந்தால் பக் என் கைக்குள் இருக்கிறது. ரிக் அண்ணன்கள் விசில். "என்ன புடி புடிச்சுது பாத்தீங்ளா!"

நான் பிடிக்கவில்லை. அது வந்து உட்கார்ந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், கௌசி மட்டும் தள்ளி நின்றாள். அவளுக்குத் தெரியும். திருடிய பொருளைப் பரிசாக வாங்கிக்கொள்வதுபோல இருந்தது. நாளை மறுநாள் இறுதி ஆட்டம், அதே மலை ஊர் அணியோடு. அந்த ஒன்பதாம் நம்பரோடு. அவள் அடிப்பது கையுறையில் வந்து உட்காராது.

சாயங்காலம் மேடத்திடம் சொல்லிவிட்டேன். என்னால் முடியவில்லை.

மேடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சாமி! இன்னைக்கு அந்தப் புள்ள தனியா வந்தப்போ நானும் கண்ண மூடிக்கிட்டேன். அப்போ அந்த அடிய யாருமே பாக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ரேவதிய நிறுத்தலாம்னா அவளுக்குப் பேடு கட்டவே தெரியாது. எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு. நீ என்ன சொல்றே?"

"நாளைக்குக் காலைல ஐஸ்ல கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்க மேடம். கௌசி என்னை அடிக்கட்டும். அதுக்கப்புறமும் மூடுனா, ரேவதிய நிறுத்துங்க." நானே சொன்னேன்.

ஜனவரி 17, சனி

இன்னும் யாரும் வராத ஐஸ். மூன்று பேர் மட்டும்: மேடம், கௌசி, நான்.

கௌசியிடம் நிஜ பக்கைக் கொடுத்தேன். "இது மாமன் ஒட்டுனது இல்ல. நெஞ்சுக் கவசத்துல அடி. நான் தடுக்க மாண்டேன். சும்மா நிக்கறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"பட்டா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியோணும். அன்னைக்குப் பட்டதே இன்னும் நெனப்புல நிக்குது. இதயும் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்றாள். மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டிருந்தார். கௌசி ஓங்கினாள், கை தளர்ந்தது, பக் உருண்டு வந்தது. உருண்டு வந்ததைத் திருப்பி அனுப்பினேன். மறுபடி உருண்டது. மறுபடி அனுப்பினேன். "அடிடீ!" என்று கத்தினேன். எனக்குக் கண்ணீர், அவளுக்கும். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது, என் மேலா மாமன் மேலா தெரியவில்லை. அடித்தாள்.

நெஞ்சின் நடுவில் பட்டது. மூச்சு ஒரு நிமிடம் எங்கோ போய்த் திரும்பியது. வலித்தது. ஆனால் இவ்வளவுதான். விழவில்லை, நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாள் இதற்கா பயந்தேன் என்று சிரிப்பும் அழுகையும்.

"இன்னொண்ணு" என்றேன்.

அடித்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு, தொடை, தோள். நான் அசையாமல் நின்றேன். எதிலிருந்து என்று சொல்ல முடியாது, நடுவில் எங்கோ, பக் அவள் மட்டையை விட்டுக் கிளம்புவது தெரிந்தது. கறுப்பாக, சுழன்றுகொண்டு. அடுத்ததற்கு மூடிக்கொண்டேன். அதற்கடுத்தது தெரிந்தது. தெரிந்ததைக் கையால் தள்ளினேன்.

"தெரிஞ்சுதா?"

"பாதி தெரியுது."

மேடம் பாதி போதும் என்றார். அவர் குரல் நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

உடம்பெல்லாம் நீலம். பொங்கலுக்கு வாங்கிய புதுச் சுடிதாரின் நிறம்.

ஜனவரி 18, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். கோப்பை கட்டிலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ரேவதி அதற்குக் குரங்குக் குல்லா மாட்டியிருக்கிறாள். அம்மாவிடம் பேசியாயிற்று. "சளி புடிக்கலையே?" என்றுதான் கேட்டார். அப்புறம் அழுதார். அப்பா, "பாறை உட்டுப்போச்சு சாமி, தண்ணி வந்துருச்சு" என்றார், ரிக்கிலிருந்து. எல்லாம் ஒரே நாளில்.

இனி நடந்தது.

காலை. மேகமூட்டம், நல்லவேளை, ஐஸ் கல்லாக இருந்தது. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒன்பதாம் நம்பர் எனக்கு ஒரு கோல் போட்டாள். வலது பக்க மேல் மூலை. நான் அதைப் பார்த்தேன்! மட்டையை விட்டது, என் தோளுக்கு மேலே போனது, வலையில் பட்டது, முழுவதும் பார்த்தேன். கோல் வாங்கிவிட்டு ஒரு கீப்பர் சிரித்தால் எப்படி இருக்கும்? மேடம் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

இரண்டாவது பகுதியில் கௌசி. தூரத்திலிருந்து ஓங்கினாள். எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது, கை தளரவில்லை. எதிரணிக் கீப்பர் அசையவே இல்லை, வலை மட்டும் அசைந்தது. ரிக் அண்ணன்கள் குக்கர் மூடியைத் தட்டினார்கள். மூன்றாவது பகுதியில் அவளே இன்னொன்று. முன்னிலை.

அதற்குப் பிறகு எல்லாம் என் பக்கம்தான். அடித்துக்கொண்டே இருந்தார்கள். சிலதைப் பார்த்தேன், சிலதைப் பார்க்கவில்லை. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? ரேவதி மறித்தது சிலது, கம்பத்தில் பட்டுப் போனது ஒன்று.

கடைசி. ரேவதி சறுக்கி விழுந்துவிட்டாள். ஒன்பதாம் நம்பர் தனியாக வருகிறாள். முன்னால் யாரும் இல்லை. மேடத்தின் கண் மூடியிருக்கும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. மட்டை பின்னால் போனது. சத்தம் கேட்டது.

பக் கிளம்பியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. கழுத்துக்கா முகத்துக்கா என்று தெரிந்துவிட்டது, முகத்துக்குத்தான். விலகலாம், விலகினால் உள்ளே. விலகவில்லை. கூண்டுக் கம்பியில் மோதிய சத்தம் காதுக்குள் மணி அடித்ததுபோல இருந்தது. என் காலடியில் விழுந்தது. மேலே படுத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். எல்லாரும் கத்துகிறார்கள். கௌசி வந்து முழங்காலில் சறுக்கி விழுந்தாள், என்னைப் புரட்டினாள். ரத்தம் வருகிறதா, பல் இருக்கிறதா என்று ரேவதி மேலே நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கௌசி எதையும் கேட்கவில்லை. கூண்டை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை ஒட்டவைத்து உள்ளே பார்த்தாள்.

"தொறந்திருக்குதுடீ" என்றாள்.